சட்டம் கேளுங்கள்: எந்தக் கதவு, எத்தனை நாள்?

இந்த மாதக் கேள்விகளில் பெரும்பாலானவை வேலை பறிபோனதையும் சம்பளம் பிடித்ததையும் பற்றியவை. எழுதியவர்களில் பலர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் சிலர் தட்டிய கதவு தவறு, சிலர் போன நாள் தாமதம். அதனால் பதில்களில் நாள் கணக்கைச் சற்று அழுத்தியே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: தனியார் தொழிற்சாலை ஒன்றில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பதவிப் பெயர் 'பராமரிப்பு சூப்பர்வைசர்'. மாதச் சம்பளம் 24,000 ரூபாய். 2025 செப்டம்பரில் விசாரணை எதுவும் இல்லாமல் நிறுத்திவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் போடு என்கிறார் ஒரு நண்பர். சூப்பர்வைசருக்குத் தொழிலாளர் சட்டமே பொருந்தாது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
— பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: இரண்டு பேருமே பாதி வழியில் நின்றுவிட்டார்கள்.

முதலில் ரிட், அதாவது உயர் நீதிமன்றத்திடம் நேரே ஆணை கேட்கும் மனு. அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவு 'எந்த நபருக்கும்' ஆணையிடும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்குத் தருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த நபர் பொதுக் கடமை ஒன்றைச் செய்பவராக இருக்க வேண்டும், குறையும் அந்தப் பொதுக் கடமையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். தனியார் பள்ளி கல்வி தருவது பொதுக் கடமைதான். ஆனாலும் சட்டவிதிகளின் கட்டுப்பாடு இல்லாத பணி ஒப்பந்தத் தகராறுக்கு ரிட் வராது என்று செயின்ட் மேரீஸ் எஜுகேஷன் சொசைட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022ல் சொல்லிவிட்டது. பள்ளிக்கே அப்படியென்றால் உங்கள் தொழிற்சாலைக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிவில் நீதிமன்றமும் உதவாது. தொழிலாளர் சட்டம் உருவாக்கிய உரிமையை அந்தச் சட்டம் காட்டும் மன்றத்தில்தான் கேட்க வேண்டும் என்பது 1975ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கிலேயே முடிவானது.

அடுத்து 'சூப்பர்வைசர்'. பெயர்ப் பலகையை வைத்துச் சட்டம் முடிவு செய்வதில்லை. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் மேற்பார்வை வேலை செய்பவருக்குச் சம்பள வரம்பு 10,000 ரூபாய். 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 18,000. உங்கள் சம்பளம் இரண்டையும் தாண்டுகிறது. ஆனால் வரம்பு மேற்பார்வை வேலைக்கு மட்டும்தான். நாள் முழுக்க நீங்களே ஸ்பேனர் பிடித்து மோட்டாரைக் கழற்றி மாட்டியிருந்தால் அது தொழில்நுட்ப வேலை, அதற்குச் சம்பள வரம்பே கிடையாது. விடுப்பு அனுமதித்தீர்களா? யாருக்காவது மெமோ கொடுத்தீர்களா? மற்றவர்களின் வேலையை மதிப்பிட்டு அறிக்கை எழுதினீர்களா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால், நீங்கள் தொழிலாளி என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. பல வழக்குகள் தோற்பது இங்கேதான். மனுவில் 'நான் ஒரு தொழிலாளி' என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள், எந்த இயந்திரம், யாரிடமிருந்து உத்தரவு வந்தது என்று விவரமாக எழுதுங்கள். வேலைச் சீட்டு, பழுதுப் பதிவேட்டின் நகல், ஷிப்ட் வாட்ஸ்அப் குழுவில் வந்த உத்தரவுகள் எல்லாவற்றையும் சேருங்கள். மின்னணுப் பதிவுகளுக்கு பாரதிய சாட்சிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவுப்படி சான்றிதழ் இணைப்பது நல்லது. தொழிலாளர் மன்றங்கள் சாட்சியச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றுவதில்லை என்றாலும் எதிர்த்தரப்புக்கு ஏன் ஒரு வாய்ப்பைக் கொடுக்க வேண்டும்?

எந்தச் சட்டத்தின் கீழ் போவது என்ற கேள்வி உங்கள் வழக்கில் உண்டு. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. உங்கள் பணிநீக்கம் அதற்கு முன்பு நடந்தது. பழைய சட்டத்தின் 2ஏ பிரிவில் பணிநீக்கத் தேதியிலிருந்து 3 ஆண்டு அவகாசம் இருந்தது. புதிய தொகுப்பிலோ, தகராறு எழுந்து 2 ஆண்டு கடந்தால் சமரச அதிகாரி அதை எடுக்கக் கூடாது. எது பொருந்தும் என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, இரண்டு ஆண்டுக்குள் போய்விட்டால் இந்தக் கேள்வியே எழாது. உங்களுக்கு அந்தக் கடைசி நாள் 2027 செப்டம்பரில் வருகிறது. அதுவரை காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

முதலில் நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025ல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு தொழிலாளர் துறை சமரச அதிகாரியிடம் மனு. சேர்ந்த தேதி, கடைசிச் சம்பளம், நிறுத்திய தேதி, விசாரணை நடக்கவில்லை என்பது, மீண்டும் வேலை, பணித்தொடர்ச்சி, இடைப்பட்ட காலச் சம்பளம் என்ற மூன்று கோரிக்கைகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். 'வேறு எங்கும் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை' என்ற வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தீபாலி குண்டு சுர்வாசே வழக்கின் (2013) தீர்ப்புப்படி, தொழிலாளி அதைச் சொன்னால்தான் மறுத்து நிரூபிக்கும் பாரம் நிர்வாகத்தின் மேல் ஏறும். சொல்லாவிட்டால் இடைப்பட்ட காலச் சம்பளம் கரைந்துபோகும். புதிய தொகுப்புப்படி சமரச அதிகாரி 45 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். சமரசம் முறிந்தால் அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். இந்த 90ஐத்தான் பலர் தவறவிடுகிறார்கள். சமரசப் பேச்சு முடிந்ததும் கடமை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. 'கணக்கு முடித்துப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அச்சிட்ட தாளை நீட்டினால், பணம் எவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டாலும், 'எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று கையால் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: ரிட் மனு போட்டால் எத்தனை நாளில் தீர்ப்பு வரும்?
— வாசகர், திருச்சி

பதில்: இதற்கு நாள் குறித்துச் சொல்பவரிடம் வழக்கைக் கொடுக்காதீர்கள். இடைக்கால உத்தரவு வேண்டுமென்றால் அதற்கான துணை மனுவை முதல் நாளே சேர்த்துப் போட வேண்டும். அது இல்லாத ரிட் மனு வரிசையில் காத்துக்கிடக்கும்.

கேள்வி: மாநில அரசு அலுவலகத்தில் உதவியாளர். ரொக்கக் கையிருப்பு குறைந்ததாகச் சொல்லி 17(ஆ) விதியில் (கடும் தண்டனைக்கானது) குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்திருக்கிறார்கள். காவல் துறையிலும் வழக்கு. 'சார்ஜ் மெமோ'வையே ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றம் போகலாமா? விசாரணையில் எதைக் கவனிக்க வேண்டும்?
— பெயர் வேண்டாம், விழுப்புரம்

பதில்: குறிப்பாணை கட்டத்தில் நீதிமன்றம் போவது பெரும்பாலும் வீண் செலவு. குறிப்பாணை என்பது காரணம் கேட்பதுதான், அதனால் யாருடைய உரிமையும் இன்னும் பறிபோகவில்லை என்று குனிசெட்டி சத்யநாராயணா வழக்கில் (2006) உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிகாரம் இல்லாத ஒருவர் அதை வெளியிட்டிருந்தாலோ, விளக்கமே தராமல் பல ஆண்டு தாமதித்திருந்தாலோதான் தலையீட்டுக்கு வாய்ப்பு.

குற்ற வழக்கு நடக்கிறது என்பதற்காகத் துறை விசாரணை தானாக நிற்காது. இரண்டும் ஒரே சம்பவத்தைச் சார்ந்து, குற்றச்சாட்டு கடுமையாகவும், சட்டமும் சங்கதியும் சிக்கலாகவும் இருந்தால் துறை விசாரணையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். குற்ற வழக்கு இழுத்துக்கொண்டே போனால் நிறுத்தியதையும் திரும்பத் தொடங்கலாம். 1999ல் பால் அந்தோணி வழக்கில் வகுத்த வரையறை இது. குற்ற வழக்கில் விடுதலை ஆனாலும் துறைத் தண்டனை தானாகக் கலையாது. அங்கே ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும், இங்கே நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

இனி விசாரணை. குறிப்பாணை கையில் கிடைத்ததும் பெற்ற தேதியை எழுதிக் கையெழுத்திடுங்கள். அதோடு நான்கு தாள் இருக்கிறதா பாருங்கள்: குற்றச்சாட்டு, அதன் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல். ஆவணங்களின் நகல் இல்லாமல் பதில் எழுதாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். எந்த ஆவணம், எந்தக் குற்றச்சாட்டை மறுக்க அது ஏன் தேவை என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். 'எல்லா ஆவணமும் வேண்டும்' என்று கேட்டால் மறுப்பது சுலபம். பின்னாளில் நீதிமன்றத்தில் பாதிப்பைக் காட்டுவதும் கடினம். பதிலில் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியே மறுங்கள். 'கவனக்குறைவால் நேர்ந்திருக்கலாம், கருணை காட்டவும்' என்று ஒரு வரி சேர்த்தால் அதையே ஒப்புதல் என்று வாசிப்பார்கள். ரொக்க வழக்குகளில் அந்த வரி செய்யும் சேதம் கொஞ்சநஞ்சமில்லை.

விசாரணை நாளில் முதலில் பேச வேண்டியது துறையின் சாட்சி. நீங்கள் அல்ல. உங்களை முதலில் உட்காரவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டால், ஆட்சேபத்தை அன்றைய நடவடிக்கைக் குறிப்பிலேயே பதியச் சொல்லுங்கள். பதிய மறுத்தால் அன்றே தபாலில் அனுப்புங்கள். விசாரணை அதிகாரியே துறைக்காக வாதாடக் கூடாது. நீங்கள் வராமல் ஒருதலையாக நடந்தாலும் சாட்சியத்தைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்பது சரோஜ் குமார் சின்ஹா வழக்கின் (2010) தீர்ப்பு. இன்னொரு முக்கியமான இடம்: காகிதத்தைக் கோப்பில் வைத்ததாலேயே அது நிரூபணம் ஆகிவிடாது. அதை எழுதியவரோ அறிந்தவரோ வந்து சொல்ல வேண்டும். போலீஸ் ஆவணங்களையும் ஒப்புதல் வாக்குமூலத்தையும் யாரும் நிரூபிக்காமல் அப்படியே ஏற்ற விசாரணையை ரூப் சிங் நேகி வழக்கில் (2009) உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. உங்கள் வழக்கில் ரொக்கப் புத்தகத்தைச் சரிபார்த்த தணிக்கையாளர் சாட்சிப் பட்டியலில் இருக்கிறாரா? இல்லையென்றால் அதுதான் உங்கள் வலுவான வாதம். அவசரப்பட்டு முன்கூட்டியே சுட்டிக்காட்ட வேண்டாம்.

குறுக்கு விசாரணையில் பலர் சாட்சியோடு சண்டை போடுகிறார்கள். சாவி யாரிடம் இருந்தது, மாற்றுச் சாவி உண்டா, கடைசியாகப் பணத்தை எண்ணியது எந்த நேரம், யார் முன்னிலையில் என்று சின்னச் சின்னக் கேள்விகளே போதும்.

விசாரணை முடிந்தபின் அறிக்கையின் நகலைத் தண்டனைக்கு முன்பே உங்களுக்குக் கொடுக்க வேண்டும். கருணாகர் வழக்கில் (1993) ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது. ஆனால் அதே தீர்ப்பு, நகல் தராததால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்றும் கேட்கிறது. 'நகல் தரவில்லை' என்பதோடு நிறுத்தாமல், தந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று மனுவில் எழுத வேண்டும். விசாரணை அதிகாரி நிரூபணம் ஆகவில்லை என்று சொல்லி, மேலதிகாரி அதை ஏற்க மறுத்தால், அவர் தம் தற்காலிகக் காரணங்களைச் சொல்லி உங்கள் பதிலைக் கேட்ட பிறகே முடிவெடுக்கலாம் (குஞ்ச் பிஹாரி மிஸ்ரா வழக்கு, 1998). அரசமைப்புச் சட்டத்தின் 311ஆவது பிரிவில் தண்டனையின் அளவு பற்றித் தனியே இரண்டாவது வாய்ப்பு இருந்த காலம் 42ஆவது திருத்தத்தோடு போய்விட்டது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

இவ்வளவும் எதற்கென்றால், உயர் நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடைபோடாது. முடிவு எடுத்த முறை சரியா என்று மட்டும்தான் பார்க்கும். விசாரணை அறையில் பதியாத ஆட்சேபம் உயர் நீதிமன்றத்தில் பிறக்காது.

கேள்வி: அரசுப் பள்ளியில் அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். 2012ல் சம்பளத்தைத் தவறாக நிர்ணயித்துவிட்டோம் என்று சொல்லி, இப்போது 1,86,000 ரூபாயைப் பணிக்கொடையில் பிடித்துவிட்டார்கள்.
— வாசகர், தேனி

பதில்: ரஃபீக் மசீஹ் வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தொகுத்த ஐந்து சூழல்களில் குறைந்தது மூன்று உங்களுக்குப் பொருந்துகிறது. கடைநிலைப் பணியாளர், ஓய்வு பெற்றவர், பிடித்தம் செய்ய உத்தரவிடும்போது மிகைப்பணம் 5 ஆண்டுக்கும் மேலாகக் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. நீங்கள் பொய்த் தகவல் கொடுத்து வாங்கியிருக்கக் கூடாது என்பதே அடிப்படை.

வில்லங்கம் ஒன்று உண்டு. சம்பள நிர்ணயத்தின்போது 'மிகை இருந்தால் திருப்பித் தருகிறேன்' என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தால், ஜக்தேவ் சிங் வழக்கை (2016) எடுத்துக் காட்டுவார்கள். அந்த வழக்கில் இருந்தவர் ஒரு நீதித்துறை அதிகாரி. கடைநிலைப் பணியாளருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்று வாதிடலாம். ஆகவே முதல் வேலையாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் பணிப்பதிவேடு, 2012 நிர்ணய ஆணை, உறுதிமொழி இருந்தால் அதன் நகல் ஆகிய மூன்றையும் வாங்குங்கள். முன்னறிவிப்பு கொடுத்தார்களா என்பதையும் பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் அதுவே தனி வாதம். மாநில அரசு ஊழியர்களுக்கான நிர்வாகத் தீர்ப்பாயம் தமிழ்நாட்டில் இப்போது இல்லாததால் நேரே உயர் நீதிமன்றம். உங்கள் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. சம்பளத்தை இனிமேல் சரிசெய்து ஓய்வூதியத்தைக் குறைப்பதை மட்டும் இந்தத் தீர்ப்பு தடுக்காது. மனுவில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: 2009ல் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு இளையவருக்குப் போனது. 2024ல் 'மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலிக்கவும்' என்று உயர் நீதிமன்ற உத்தரவு வாங்கினேன். துறை நிராகரித்துவிட்டது. நிராகரித்த தேதியிலிருந்து புதிதாக வழக்குப் போடலாம்தானே?
— வாசகி, சேலம்

பதில்: போடலாம், நிலைக்காது. ஜேக்கப் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: 'பரிசீலிக்கவும்' என்ற உத்தரவு செத்துப்போன உரிமையை உயிர்ப்பிக்காது. நிராகரிப்புக் கடிதம் புதிய தேதியைத் தருகிறதே தவிர புதிய உரிமையைத் தரவில்லை. பதவி உயர்வில் இது இன்னும் கடுமை. பதினைந்து ஆண்டில் உங்களுக்கு மேலே வந்தவர்கள் அத்தனை பேரையும் அது அசைக்கும்.

சம்பளம், ஓய்வூதியம் தவறாக நிர்ணயித்த வழக்கு வேறு. ஒவ்வொரு மாதமும் குறைத்துத் தருவது தொடர் தவறு, அதனால் தாமதமாக வந்தாலும் கதவு திறந்திருக்கும். ஆனால் நிலுவை பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டுக்கு மட்டுமே (தர்செம் சிங் வழக்கு, 2008). உங்கள் குறையில் அப்படி ஒரு சம்பளப் பகுதி தனியாகப் பிரிகிறதா என்று ஆணைகளை வைத்துப் பாருங்கள். இருந்தால் அதை மட்டும் கேளுங்கள்.

கேள்வி: சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு. தொழிலாளர் சட்டத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். தீர்ப்புகளை எப்படிப் படித்து, எப்படி மேற்கோள் காட்டுவது? தலைப்புரையை எடுத்துப் போட்டதற்குப் பேராசிரியர் கோபித்துக்கொண்டார்.
— மாணவி, சென்னை

பதில்: கோபித்தது நியாயம். தலைப்புரை என்பது தீர்ப்பின் மேலே சட்ட அறிக்கை இதழின் ஆசிரியர் எழுதிய சுருக்கம். நீதிபதி எழுதியது இல்லை. தலைப்புரையில் உள்ளதும் தீர்ப்பில் உள்ளதும் மாறுபடும் இடங்கள் உண்டு. அங்கேயே ஒரு கட்டுரை பிறக்கவும் செய்யும்.

தீர்ப்பைப் பின்னிருந்து படியுங்கள். கடைசியில் இருக்கும் ஆணை என்ன? மேல்முறையீடு ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா? அந்த ஆணைக்கு எந்தச் சட்டக் கருத்து இல்லாமல் முடியாதோ, அதுதான் கட்டுப்படுத்தும் பகுதி. மீதி, எவ்வளவு அழகாக இருந்தாலும், போகிறபோக்கில் சொன்னது. இதைச் சோதிக்க எளிய வழி: அந்தக் கருத்தைத் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். ஆணை மாறவில்லை என்றால் அது கட்டுப்படுத்தாது. உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்ற அரசமைப்புச் சட்டத்தின் 141ஆவது பிரிவு 'வகுத்த சட்டம்' பற்றித்தான் பேசுகிறது, சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் பற்றி அல்ல.

அடுத்து அமர்வின் எண்ணிக்கை. உங்கள் துறையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 'தொழில்' என்ற சொல்லுக்கு 1978ல் பெங்களூர் வாட்டர் சப்ளை வழக்கில் ஏழு நீதிபதிகள் மிக விரிந்த பொருள் கொடுத்தார்கள். மருத்துவமனையும் கல்வி நிறுவனமும்கூட உள்ளே வந்தன. 2005ல் ஜெய் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதன்மேல் ஐயம் எழுப்பினார்கள். ஐந்து பேர் ஏழு பேரை மாற்ற முடியாது. பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பத்தான் முடிந்தது. 2017ல் ஏழு நீதிபதிகள் அமர்வு ஒன்பது பேருக்கு அனுப்பியது. மாணவர் கட்டுரைகளில் '2005ல் பெங்களூர் வாட்டர் சப்ளை மாற்றப்பட்டது' என்ற வரியைப் பார்க்கலாம். தவறு. ஐயப்படுவதும் மாற்றுவதும் ஒன்றல்ல. இதோடு, புதிய தொகுப்பு 'தொழில்' என்பதற்குத் தானே ஒரு வரையறை எழுதிக்கொண்டிருக்கிறது. பழைய தீர்ப்பு பழைய சொற்களுக்கான விளக்கம் என்பதைச் சட்டவாசகத்தை அருகருகே வைத்து ஒப்பிட்டுக் காட்டுங்கள். இன்றைக்கு உங்கள் துறையில் செய்யத் தகுந்த வேலை இதுதான்.

ஒரு தீர்ப்பு பின்னால் என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரைத் தானாக நிரந்தரமாக்கச் சொன்ன ஏர் இந்தியா ஸ்டாட்யுடரி கார்ப்பரேஷன் தீர்ப்பை (1997), 2001ல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கு மாற்றிவிட்டது. முதலாவதை மட்டும் படித்தவர் எழுதும் கட்டுரை முழுக்கச் சரிந்துவிடும். தற்காலிகப் பணியாளர்கள் நிரந்தரமாக்கக் கேட்க உரிமை இல்லை என்ற உமாதேவி தீர்ப்போ (2006) மாற்றப்படவில்லை. ஆனால் நீண்டகாலம் உழைத்தவர்களை வெளியேற்ற அதைக் கேடயமாக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கு சொன்னது. இப்படி மாற்றாமலே திசை திருப்பும் தீர்ப்புகளைப் பிடிப்பதில்தான் ஆய்வாளரின் கை தெரியும்.

மேற்கோளுக்கு, வழக்குப் பெயர், ஆண்டு, நடுநிலை மேற்கோள் எண் (நீதிமன்றமே தரும் எண்) இருந்தால் அது, கடைசியாகப் பத்தி எண். பக்க எண் இதழுக்கு இதழ் மாறும். பத்தி எண் மாறாது. எதிர்க்கருத்துத் தீர்ப்பிலிருந்து எடுத்தால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 4 ஆண்டு 8 மாதம் வேலை செய்துவிட்டு விலகினேன். 5 ஆண்டு ஆகாததால் பணிக்கொடை இல்லை என்கிறது நிறுவனம்.
— வாசகர், கோவை

பதில்: ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடிந்திருந்தால் அது முழு ஆண்டு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1998ல் தீர்ப்பளித்தது. வாரம் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனமாக இருந்தால் 190 நாள் போதும். சம்பளத்துடன் கூடிய விடுப்பு நாளையும் சேர்த்து எண்ணுங்கள். கணக்கு: கடைசி மாத ஊதியம் பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் ஆண்டு. ஊதியம் 26,000 என்றால் ஆண்டுக்கு 15,000. ஐந்துக்கு 75,000 ரூபாய். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கிப் படிகளை ஊதிவைக்கும் நிறுவனமாக இருந்தால், புதிய சட்டத் தொகுப்புகளின் வரையறைப்படி மொத்தத்தில் பாதிக்கு மேல் போகும் படிகள் ஊதியத்தோடு சேர்க்கப்படும். அதையும் சரிபாருங்கள். குறித்த கால ஒப்பந்தப் பணியாக இருந்தால் ஐந்தாண்டு நிபந்தனையே இல்லை, ஓராண்டு போதும்.

கேள்வி: இரண்டு ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வாங்கினார்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாமே?
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் சொன்னது உண்மை. ஆனால் அது பொதுத்துறை வங்கி. விளம்பரம், தேர்வு என்று செலவழித்து ஆளெடுக்க வேண்டிய கட்டாயம் உள்ள நிறுவனம். விலகியவர் உயர்நிலை அலுவலர். வேலை செய்யும் காலத்துக்கான கட்டுப்பாடு என்பதால் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு அதைத் தடுக்கவில்லை என்றார்கள். உங்கள் நிறுவனம் பயிற்சிக்கு உண்மையில் என்ன செலவழித்தது? 74ஆவது பிரிவு 'நியாயமான இழப்பீடு' என்றுதான் சொல்கிறது; எழுதியிருக்கும் தொகை உச்சவரம்பு மட்டுமே. ஒன்றே முக்கால் ஆண்டு வேலை செய்தவரிடம் முழுத் தொகையையும் கேட்பது எடுபடுவது கடினம். விலகிய பின் சம்பளத்தை நிறுத்திவைத்து மிரட்டினால், ஊதியச் சட்டத் தொகுப்பின் 17ஆவது பிரிவு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்கச் சொல்கிறது என்று எழுத்தில் நினைவூட்டுங்கள்.

கேள்வி: எனக்குச் சம்மனே வரவில்லை. வீட்டை ஜப்தி செய்ய ஆள் வந்தபோதுதான் எக்ஸ்பார்ட்டி டிகிரி (நான் இல்லாமலே ஒருதலைத் தீர்ப்பாணை) ஆனது தெரிந்தது. இனி என்ன?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆள் வந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்மன் முறைப்படி சேராத வழக்கில், தீர்ப்பாணையை ரத்து செய்யக் கேட்க, அதை அறிந்த நாளிலிருந்து 30 நாள். சேர்ந்திருந்தால் தீர்ப்பாணை தேதியிலிருந்து 30 நாள். உங்கள் வழக்கு எந்த வகை என்பது கோப்பில் இருக்கிறது. ஆகவே மனு எழுதும் முன் வழக்குக் கட்டைப் பார்வையிட மனுப் போட்டு, சம்மனில் அமீனா என்ன எழுதினார், எந்த முகவரி, யார் கையெழுத்து, வீட்டில் ஒட்டுதல் மூலம் சார்பு செய்ததாக (சேர்ப்பித்ததாக) சொன்னார்களா, நாளிதழ் விளம்பரமா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் 'சம்மன் வந்தது, உடல்நிலை சரியில்லாததால் வரவில்லை' என்று வழக்கமான அபிடவிட்டில் கையெழுத்துப் போட்டால், உங்கள் 30 நாள் என்றோ முடிந்துபோனதாக ஆகிவிடும்.

மனு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆவது கட்டளை, 13ஆவது விதியின் கீழ். பாதுகாப்புக்காகத் தாமதத்தை மன்னிக்கும் மனுவையும், நிறைவேற்றலை நிறுத்திவைக்கும் மனுவையும் சேர்த்தே போடுங்கள். முதல் மனு நிலுவையில் இருப்பதால் மட்டும் ஜப்தி நிற்காது. எதிர்வழக்குரையையும் (வாதியின் வழக்குக்கு உங்கள் பதில்) தயாராக இணைத்துவிட்டால் வாதம் இருக்கிறது என்பது நீதிபதிக்குத் தெரியும். சம்மன் சார்பு செய்ததில் சின்னக் குளறுபடி இருந்து, வழக்கு நடப்பது உங்களுக்கு உரிய நேரத்தில் தெரிந்தே இருந்தது என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் மனு தோற்கும். வாதி தரப்போடு வாட்ஸ்அப்பில் சமரசம் பேசியிருந்தால் அதை இப்போதே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

மேல்முறையீடும் செய்யலாம். ஆனால் வழக்கின் உள்ளடக்கத்தைப் பார்த்து அது தள்ளுபடி ஆனால் 13ஆவது விதி மனுவும் அடைபட்டுவிடும். சம்மனே வராத உங்களுக்கு மேல்முறையீடு முதல் வழியாக இருக்கக் கூடாது.